நரம்பு எது? நாளம் எது?



“டாக்டர் நரம்பில் ஊசி போட்டார்” என்கிறோம். “கையில் நரம்பு புடைத்திருக்கிறது” என்கிறோம். கழுத்துப் பிடித்துக்கொண்டால், நரம்பு சுளுக்கிவிட்டதென்று எண்ணெய் தேய்க்கிறோம். இம்மூன்றில் ஒன்றுகூட நரம்பு அன்று. ஊசி ஏறுவதும், புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதும் இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை என்னும் நாளம். சுளுக்குவது தசையும் தசைநாரும். யாழின் தந்தியையும் நரம்பு என்றே நம் முன்னோர் அழைத்தனர். கயிறுபோல் நீண்டதற்கெல்லாம் அப்பெயரிடுவது பழைய வழக்கம். அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயின் மருத்துவர் “நரம்பு கெட்டிருக்கிறது” என்னும்போது, அதைத் தளர்ச்சியென்று கொண்டு, சத்து டானிக் குடித்தே மாதங்களைக் கழிப்பது ஆபத்து.

உண்மை நரம்பின் கதை இது. மூளையும், அதிலிருந்து முதுகெலும்பினூடே ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் இறங்கும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 இணையும் தண்டுவடத்திலிருந்து 31 இணையுமாகக் கிளைத்து உடலெங்கும் பரவுபவை புற நரம்புகள். இவற்றில் இரத்தம் ஓடுவதில்லை, செய்தியே ஓடுகிறது. சூடு, குளிர், வலி, தொடுதல் ஆகியவற்றை உள்ளே கொண்டுசெல்வன உணர்வு இழைகள். மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொணர்வன இயக்க இழைகள். நம்மைக் கேளாமலே வியர்வையையும் இதயத் துடிப்பையும் நடத்துவன தானியங்கு இழைகள்.

நரம்பை நேரில் அறிய வேண்டுமா? கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டவர் அறிவர். சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்கிறதே, அங்கே முழங்கையின் உட்புற எலும்பை ஒட்டி, தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது அல்நார் நரம்பு.

இந்த நரம்பைத்தான் தொழுநோய்க் கிருமி விரும்பித் தேடுகிறது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்த அக்கிருமி, உடலில் சற்றுக் குளிர்ந்த இடங்களில் வளர்வது. முழங்கை, மணிக்கட்டு, முழங்காலின் வெளிப்புறம், கணுக்கால் ஆகியவற்றில் தோலை அடுத்து ஓடும் நரம்புகளில் குடியேறுகிறது. முதல் அடையாளம் பெரும்பாலும் வெளிறிய அல்லது சிவந்த தேமல். அது அரிப்பதில்லை, வலிப்பதில்லை, தொட்டாலும் தெரிவதில்லை. வலியில்லாததை யார் நோயென்று கருதுவார்? அங்கே வியர்வை நின்று தோல் வறள்கிறது. பின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்குகின்றன, பாதம் தொங்குகிறது, இமை மூடாமற் போகிறது. விரல்கள் அழுகி உதிர்வதாக ஊரார் சொல்வது பிழை. கொதிக்கும் பாத்திரத்தைத் துணியின்றிப் பிடித்த கை, முள் குத்தியதறியாது கரும்புத் தோட்டத்தில் நடந்த கால், கவனிப்பாரற்ற புண், இவைதாம் உறுப்பை அழிக்கின்றன. மொலொக்காய்த் தீவில் தொழுநோயாளரிடையே வாழ்ந்த புனித தமியான், 1884-இல் தம் பாதம் வெந்நீரில் வெந்தும் வலியறியாததைக் கண்டார். ஐந்தாண்டுகளில் அந்நோயிலேயே மரித்தார்.

(லேவியர் நூலில் ஆடையிலும் வீட்டுச் சுவரிலும்கூடத் தோன்றுவதாகக் கூறப்படும் தொழுநோயை இந்நோயோடு ஒன்றாக எண்ணி, சாபமென்று பேசுவோர் அந்த 13, 14-ஆம் அதிகாரங்களை மீண்டும் படிப்பார்களாக.)

நமக்கு அண்மையிலேயே இந்நோயோடு பெரும்போர் நடந்தது. காங்கோவில் பணிபுரிந்த பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ், 1955-இல் மதுராந்தகத்தை அடுத்த பொலம்பாக்கத்தில் தொழுநோய் மையம் தொடங்கினார். நோயாளியைச் சுவருக்குள் அடைக்காமல், குறித்த நாளில் சாலையோர மரத்தடிக்குத் தாமே சென்று மருந்தளித்தார். நோயாளர் தம் வீட்டிலேயே வாழ்ந்தனர். அவருடன் உழைத்து, பின் பணியை ஏற்று நடத்திய டாக்டர் கிளேர் வெல்லூ அம்மையார் இந்தியக் குடியுரிமையே பெற்றுக்கொண்டார். 2013-இல் இறைவனடி சேர்ந்தார்.

2005-இல் இந்தியாவில் இந்நோய் பத்தாயிரத்திற்கு ஒருவருக்கும் குறைவாகிவிட்டதென அறிவிக்கப்பட்டது. ஒழிந்ததாக அதற்குப் பொருளில்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியரே. நற்கருணை பெற நீளும் கைகளைக் காணும் குருவானவர்கள் மடங்கிய சுண்டுவிரலைக் கவனித்து, தனியே அழைத்துப் பேசலாம், பொதுவில் வேண்டாம்.

உணர்ச்சியற்ற தேமல் இருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ, விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம். நோயின் அளவுக்கேற்ப 6 அல்லது 12 மாதம் உண்ண வேண்டும். தொடங்கியதும் பிறருக்குப் பரவும் வாய்ப்பு விரைவில் நீங்கிவிடும்.

இன்னொன்று. மருந்து உண்ணும் காலத்திலோ, முடித்த பின்னரோ திடீரெனத் தேமல் சிவந்து வீங்கினாலும், முழங்கை நரம்பு வலித்தாலும், விரலில் வலுக் குறைந்தாலும், மருந்தே ஒத்துக்கொள்ளவில்லையென்று நிறுத்திவிடாதீர்கள். அது கிருமியை உடல் எதிர்ப்பதால் நரம்பில் எழும் அழற்சி. அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். உடனே தக்க மாத்திரை தந்தால் இழந்த உணர்வும் வலுவும் திரும்ப வாய்ப்புண்டு. ஆறு மாதம் கடந்துவிட்டால் அவை பெரும்பாலும் மீள்வதில்லை.