மழை வந்தால் மட்டும் போதுமா?

"நாலு நல்ல மழை பெய்யட்டும் சார், தவளையெல்லாம் தானா வந்துரும்." பெங்களூர் பிரேசர் டவுனில் இதைச் சொல்லாதவர் குறைவு. மாஸ்க் ரோடு டீக்கடையில் சொல்கிறார்கள். கோல்ஸ் பார்க்கில் காலை நடை போகிறவர்கள் சொல்கிறார்கள். தெருவோர மண்ணுக்கெல்லாம் டைல்ஸ் பதிக்கச் சொல்லி வீடுவீடாகக் கையெழுத்து வாங்கும் பெரியவரும் இதையே சொல்கிறார். மழை பொய்த்த ஊர்களில் தவளைக்குக் கல்யாணம் செய்து வைப்பவர்கள், தவளை மழையைக் கொண்டுவரும் என்று நம்புகிறார்கள். நம்மவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மழை தவளையைக் கொண்டுவரும் என்கிறார்கள். இரண்டு நம்பிக்கைக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் கணக்கு சரியென்றால் 2022இல் இங்கே தவளைத் திருவிழா நடந்திருக்க வேண்டும். பெங்களூரின் வழக்கமான மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர். அந்த ஆண்டு அதைப்போல இரட்டிப்புக்கு நெருங்கிக் கொட்டியது. நகரத்தின் கிழக்கே சாலைகளில் படகு ஓடியது. இந்தப் பக்கம் என் காதில் விழுந்ததோ தேரையின் குரலும், சாக்கடை ஓரத்தில் நீர்மேல் தத்தித் தத்திப் போகும் தவளையின் குரலும்தான்.

தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். ஆகவே ஆண்டு மழையின் அளவு மட்டும் அதற்குப் போதாது. மழை எந்த மாதம் தொடங்குகிறது, இரண்டு மழைக்கு நடுவே எத்தனை நாள் வெயில், இரவுக் காற்றில் எவ்வளவு ஈரம் என்பதெல்லாம் சேர்ந்துதான் எந்த மாதிரி உடம்பு, எந்த மாதிரி இனப்பெருக்கம் ஓர் இடத்தில் பிழைக்கும் என்று முடிவு செய்கின்றன.

இதற்குச் சான்று நம் ஊர்ப் பேராசிரியர் ஒருவரின் பெயரிலேயே இருக்கிறது. சென்ட்ரல் காலேஜில் விலங்கியல் கற்பித்த சி.ஆர்.நாராயண ராவ், 1932இல் தொடங்கிய 'கரண்ட் சயின்ஸ்' இதழின் முதல் ஆசிரியர். 1937இல் தென்னிந்தியத் தவளைகள் பலவற்றை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். 2010இல் புதர்த்தவளைகளின் பேரினம் ஒன்றுக்கு அவர் நினைவாக ராவோர்கெஸ்டெஸ் என்று பெயரிட்டார்கள். இவை நீந்தும் தலைப்பிரட்டையாக இருப்பதே இல்லை. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாகத்தான் வெளியே வரும். அதனால் குளம் வேண்டியதில்லை. ஆனால் இலையிலும் சருகிலும் கிடக்கும் முட்டை காயாதிருக்க, இடைவிடாத ஈரக்காற்று வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை அதைக் கொடுக்கிறது. மூன்று நாள் பேய்மழையும் பத்து நாள் வெயிலுமாக எவ்வளவு கொட்டினாலும் வீலர் ரோட்டில் அது கிடைக்காது.

அப்படியானால் தக்காணத்தின் வறண்ட பருவம் வளர்த்தெடுத்த தவளை எது? மண்ணுக்குள் வாழ்வது. அதன் பின்னங்காலில் மண்வெட்டிபோல ஒரு தடித்த மேடு உண்டு. அதனால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே பூமிக்குள் இறங்கி, வறண்ட மாதங்களைக் கழித்து, முதல் மழைக்கு மேலே வரும். இந்த வகையில் புதிய இனம் ஒன்றை 2020இல் நகரத்தின் விளிம்பில், ராஜானுகுண்டே பக்கத்துத் தரிசு நிலத்தில் கண்டறிந்து, பெங்களூரின் பெயரையே வைத்தார்கள். எந்தக் காட்டிலும் அல்ல, நாம் 'சும்மா கிடக்கிற இடம்' என்று சொல்லி மனை போடும் தரிசில்.

எல்லாத் தவளையும் ஒன்றுதானே என்பவர்கள் மே மாத இடிமழைக்குப் பிறகு தேங்கும் ஒரு மண்குட்டை அருகே உட்கார்ந்து பார்க்கட்டும். கறுப்பாகக் கூட்டம் கூட்டமாக அடியில் நெளிபவை தேரையின் தலைப்பிரட்டைகள். பாசியையும் அழுகலையும் சுரண்டித் தின்பவை. நடுநீரில், உள்ளுறுப்பு வெளியே தெரிய அசையாமல் நிற்பவை குறுவாய்த் தவளையினுடையவை. நீரை இழுத்து வடிகட்டி நுண்ணுயிர்களை உண்பவை. முதல் மழையில் ஆணின் உடம்பெல்லாம் மஞ்சளாகும் பெருந்தவளையின் தலைப்பிரட்டையோ மற்றத் தலைப்பிரட்டைகளையே பிடித்துத் தின்னும். மேலே கிளையில் மரத்தவளையின் நுரைக்கூடு தொங்கலாம். பெண் தவளை தன் சுரப்பைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி அதில் முட்டையிடும். வெளிப்புறம் காய்ந்து ஓடாகும், உள்ளே ஈரம் நிற்கும். வளர்ந்த பிறகும் இவற்றின் வேலை வேறு வேறு: குறுவாய் எறும்பையும் கரையானையும் குறைக்கும், பெருந்தவளை சுண்டெலியைக்கூட விழுங்கும். ஒன்று போனால் அதன் வேலையை இன்னொன்று எடுத்துச் செய்யாது.

குட்டை சில வாரமாவது நிற்க வேண்டும். ஒரே நாளில் கொட்டிவிட்டு அடுத்த மழை தள்ளிப்போனால் தலைப்பிரட்டைகள் சேற்றிலேயே காயும். தேரை மட்டும் தடித்த தோலோடு தெருவிளக்கின் கீழ் பூச்சி பொறுக்கிப் பிழைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் 'தவளை இருக்கே' என்கிறோம்.

இங்கே இன்னொரு தப்பிக்கும் வழியும் தயாராக இருக்கிறது: "கிளைமேட் சேஞ்ச், நாம என்ன பண்றது?" பருவநிலை மாற்றம் உண்மைதான். 2023இல் வெளியான உலக மதிப்பீட்டின்படி, ஆராய்ந்த நீர்நில வாழ்வன இனங்களில் 41 சதவீதம் அழியும் நிலையில் உள்ளன. 2004க்குப் பிறகு நிலை மோசமான இனங்களில் 39 சதவீதத்துக்கு முக்கியக் காரணம் பருவநிலை மாற்றமே. ஆனால் மரத்தடி வரை சிமெண்ட் பூசியது வானிலை ஆய்வு மையமா? 1898 பிளேக்குக்குப் பிறகு நெரிசலைக் குறைக்கவென்றே உருவான இந்தப் பேட்டையில் மண்ணை மூடியது நாம்தான். வெயிலும் வறட்சியும் கூடக்கூட, தவளைக்கு ஒளிய மண்ணும் ஈரமும் அதிகம் தேவைப்படும். நாம் அந்த நேரம் பார்த்துத்தான் மண்ணை மூடுகிறோம்.

ஆகவே நம் குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் டைல்ஸ் தீர்மானம் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மரத்தைச் சுற்றி ஆறடி மண்ணையும், பூங்காவில் மழைநீர் தேங்கும் ஒரு பள்ளத்தையும் அப்படியே விடச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.