நான்கு நாள் வேலை

பார்வையற்ற முதுகலை மாணவி ஒருவர், தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில், எங்கள் பதிப்பகத்துக்குப் போன் செய்தார். பாடத்தில் இருந்த நாவலின் கணினிக் கோப்பு கிடைக்குமா என்று கேட்டார். “ஆசிரியர்கிட்ட அனுமதி கேட்கணும்மா” என்றோம். ஆசிரியரோ, “பதிப்பகம் கொடுத்தா எனக்கென்ன ஆட்சேபம்” என்று சொல்லிவிட்டார். அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல மறந்துபோனோம். தோழிகள் வாசித்துக்காட்டிய சில அத்தியாயங்களை வைத்துக்கொண்டு அவர் தேர்வு எழுதியதாகப் பிறகு தெரிந்தது.

அனுமதியே தேவையில்லை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு சேர்ந்தது. அச்சு நூலைப் படிக்க இயலாத மாற்றுத்திறனாளிக்காக அந்த நூலைப் பிரெயிலாகவோ ஒலியாகவோ மின்கோப்பாகவோ எவரும் மாற்றித் தரலாம். தோழி செய்யலாம், அங்கீகாரம் பெற்ற கல்லூரியும் நூலகமும் செய்யலாம். லாபம் வைக்கக் கூடாது, தயாரிப்புச் செலவை வாங்கிக்கொள்ளலாம். நிறுவனம் செய்தால், பிரதி வெளிச்சந்தைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2013இல் மராகேஷ் நகரில் இதே நோக்கத்தோடு ஓர் உலக உடன்படிக்கை உருவானது. மறு ஆண்டே அதற்கு முதலில் ஏற்புறுதி அளித்த நாடு இந்தியா. திருட்டுப் பதிப்பைப் பற்றி மேடைதோறும் பேசுகிற பதிப்பாளர்களாகிய நாம், இந்த விலக்கைப் பற்றி எந்த மேடையிலும் பேசவில்லை.

கோப்பைக் கொடுத்தே தீர வேண்டும் என்று அந்தப் பிரிவு நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த இடத்தில்தான் நாம் ஒளிந்துகொண்டோம். தன்னார்வலர்கள் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, முதுகை அறுத்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்கிறார்கள். எழுத்துணரி மென்பொருள் துணைக்காலையும் ‘ர’வையும் குழப்புகிறது. இரவு உட்கார்ந்து அதை வரி வரியாகத் திருத்துகிறார்கள். மூன்று முறை மெய்ப்புப் பார்த்த அதே பிரதி நம் கணினியில் சும்மா கிடக்கிறது.

கொடுத்திருந்தாலும் உடனே பயன்பட்டிருக்காது. பழைய நூல்களை நாம் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்தோம். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண்ணுக்கு அது தமிழ். திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் அதை ஆங்கில எழுத்துகளாக உளறும். யூனிகோடு வந்து நிலைத்த பிறகும், பழகிய கை என்று டிடிபிகாரரைப் பழைய எழுத்துருவிலேயே அடிக்கவிட்டோம். சிக்கனம் என்று அதற்குப் பெயர் வைத்தோம். தாளில் அழகாக விழுந்தால் போதும் என்பதற்கு மேல் நம் யோசனை போனதே இல்லை.

சென்ற மாதம் அந்த நாவலின் கோப்பைப் பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்தோம். இலவச மாற்றி ஒன்றில் போட்டதும் பெரும்பகுதி சரியாக வந்தது. கிரந்த எழுத்துகளும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்புகளும் சில இடங்களில் சிதைந்திருந்தன. இரண்டு பேர் உட்கார்ந்து திருத்தினோம். நான்கு நாள் ஆனது. அந்த மாணவியின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கோப்பை அனுப்பினோம். அவர் படிப்பை முடித்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது.