மூன்று வட்டியை முதலில் முடியுங்கள்

கேள்வி: எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நெல் வயலும், கிணற்றடியில் 40 தென்னையும், ஒரு கறவை மாடும் உள்ளன. நான் தளவாய்புரத்துக்காரர்களிடம் துணி வாங்கி வந்து வீட்டில் நைட்டி தைக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இரண்டு வருடமாக அப்படியே நிற்கிறது. குழுக் கடன் இரண்டு, நகைக்கடன், சங்கத்தில் பயிர்க்கடன் என்று சுமார் 3 லட்சம் இருக்கும். இன்னொரு குழுவில் 60,000 தருகிறோம் என்கிறார்கள். அதை வாங்கிப் பழைய இரண்டு குழுக் கடனையும் முடித்துவிடலாமா? வீட்டுக்காரர் 30 சென்ட் விற்றுவிடலாம் என்கிறார். எனக்கு மனசில்லை. எது சரி? (பெயர் வேண்டாம், செட்டியார்பட்டி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தோடு ரசீதுகளின் நகலையும், ஒரு மாதச் செலவுக் குறிப்பையும் சேர்த்து அனுப்பியது மிகவும் நல்லது. அதை வைத்துத்தான் பேச முடிகிறது. முதலில், ‘சுமார் 3 லட்சம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தாள்களைக் கூட்டிப் பார்த்தேன். சங்கத்துப் பயிர்க்கடன் 60,000. வங்கி நகைக்கடன் 1,50,000. உறவுக்காரர் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கியது 80,000. குழுக் கடன்களில் பாக்கி 22,000, 31,000. மகனின் கைபேசித் தவணை இன்னும் ஐந்து, மாதம் 1,450 வீதம் 7,250. மளிகைக் கடை அண்ணாச்சியிடம் 6,400. மொத்தம் 3,56,650 ரூபாய். கைபேசியும் அண்ணாச்சி பற்றும் கடன் என்றே உங்களுக்குத் தோன்றவில்லை. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். நோட்டில் ஏறாத கடன்தான் மாதக் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும்.

இந்த ஏழும் ஒரே மாதிரிக் கடன் இல்லை. பயிர்க்கடனுக்குத் தவணைத் தேதிக்குள் கட்டினால் நம் மாநிலத்தில் வட்டியே கிடையாது. நகைக்கடனுக்கு உங்கள் ரசீதுப்படி ஆண்டுக்கு நூற்றுக்கு 9. மூன்று வட்டி என்பது மாதத்துக்கு 3, அதாவது ஆண்டுக்கு 36. நாம் சொல்லும்போது ‘ஒன்பது வட்டி’யைவிட ‘மூன்று வட்டி’ சின்னதாகக் காதில் விழுகிறது. அது நான்கு மடங்கு பெரியது.

அந்த 80,000-க்கு மாதம் 2,400 வீதம் 26 மாதம் கட்டிவிட்டீர்கள். 62,400 ரூபாய் போயிற்று. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. இன்னும் எட்டு மாதம் போனால் வட்டியே அசலைத் தாண்டிவிடும். 1938-ல் ராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தபோது, வாங்கிய அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியவருக்குக் கடன் தீர்ந்தது என்றே வைத்தார்கள். அந்தக் காலத்துச் சம்சாரியும் உங்களைப் போலத்தான், அசலைத் தொடாமல் வட்டியையே கட்டிக்கொண்டிருந்தார்.

இனி மூன்றாவது குழுவின் 60,000. வேண்டாம். வாரத் தவணை குறைந்தாற்போல் தெரியும், ஆனால் சில மாதங்களில் முடிய வேண்டிய கடன் மறுபடி இரண்டு வருடத்துக்கு நீளும். இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பழைய பாக்கி 53,000தான். மிச்சம் 7,000 கையில் வந்தால் அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் வரவையும் கூட்டினேன். தையல் மாதம் 7,800, தேங்காய் வெட்டுக்கூலி போக 5,300, பால் தீவனம் போக 2,800, வீட்டுக்காரர் கூலி வேலை 4,000, மகளிர் உரிமைத் தொகை 1,000. ஆக 20,900. நெல்லை நான் சேர்க்கவில்லை. அது வீட்டுச் சாப்பாட்டுக்கும் சங்கத்துக் கடனுக்கும் சரியாக இருக்கிறது. இதில் இரண்டு குழுவுக்கும் வாரம் 560, 720 என்று மாதம் 5,550 போகிறது. மூன்று வட்டி 2,400, கைபேசி 1,450, நகை வட்டியை மாதக் கணக்கில் பிரித்தால் 1,125. எல்லாம் 10,525. வரவில் பாதிக்குச் சற்று மேல். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் வைத்திருக்கும் விதியில், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புதிதாகக் குழுக் கடன் கொடுக்கக் கூடாது. மூன்றாவதாக வந்து நிற்பவர்கள் உங்கள் கைமாற்றுக் கடனைக் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை.

நிலத்தை விற்பது பற்றி. கடன் நிலத்தின் மதிப்பை நெருங்கும்போது, வட்டிக்கு வட்டி ஏறும்போது, விற்பதுதான் அறிவு. கௌரவம் பார்த்து விற்காமல் இருந்து கடைசியில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் உங்களை அறுப்பது 80,000 மட்டும்தான். அதற்குக் கண்மாய்ப் பாசன நிலம் 30 சென்ட் போக வேண்டியதில்லை. உங்கள் மனசு சொன்னது சரி.

வழி உங்கள் நகைக்கடன் ரசீதிலேயே இருக்கிறது. ஆறு பவுனை வைத்து 1,50,000 வாங்கியிருக்கிறீர்கள். அது பழைய விலைக் கணக்கு. இன்றைய தங்க விலையில் அதே ஆறு பவுனுக்கு 2,30,000 வரை கேட்க இடமிருக்கிறது. வங்கியில் பழைய கடனை முடித்து அதே நகையை மறுபடி வைக்க என்ன நடைமுறை என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கூடுதலாக வரும் 80,000-க்கு ஆண்டு வட்டி 7,200. இப்போது அதே பணத்துக்கு 28,800 கட்டுகிறீர்கள். வித்தியாசம் 21,600. மாதம் 1,800.

கடனை வாங்கிக் கடனை அடைப்பதா என்று வீட்டில் கேட்பார்கள். 36-ஐக் கொடுத்து 9-ஐ வாங்குகிறோம், அவ்வளவுதான். ஆனால் இது ஒரு நிபந்தனையோடுதான் பலிக்கும். பணம் வங்கியிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு ராத்திரி நம் பீரோவில் தூங்கினால் மறுநாள் அதில் ஐயாயிரம் குறையும்.

அவர் உங்களுக்கு மாமா முறை, இதுவரை ஒரு சுடுசொல் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முன்னதாக ஒரு நாள் நீங்களும் வீட்டுக்காரரும் போய், ‘மாமா, மொத்தமாகக் கொண்டுவந்து தந்துவிடுகிறோம், கடைசி இரண்டு மாத வட்டியை விட்டுக்கொடுங்கள்’ என்று கேளுங்கள். 26 மாதம் நாள் தவறாமல் கொடுத்தவர் கேட்கலாம். கொடுக்கும் அன்று புரோநோட்டையும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலை, பத்திரத்தாள் ஏதாவது இருந்தால் அதையும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ‘வீட்டில் எங்கேயோ இருக்கிறது, அப்புறம் தேடித் தருகிறேன்’ என்றால், பணம் முழுவதும் வரவாயிற்று என்று சாட்சி வைத்து எழுதி வாங்குங்கள். உறவு என்பதால்தான் இதைச் சொல்கிறேன். நாளைக்கு அவர் இல்லாதபோது, நோட்டைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாது.

(இதைப் படிக்கும் மற்றவர்களில், வட்டிக்காரரின் மிரட்டலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நாம் மறந்திருக்க முடியாது. நிலைமை அந்த எல்லைக்குப் போகும்வரை காத்திருக்காதீர்கள். வக்கீலையோ, இலவச சட்ட உதவி மையத்தையோ சீக்கிரமே பார்த்து, புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.)

இப்போது வீட்டுச் செலவு. உங்கள் குறிப்பில் வெட்டிச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிக்கனம் என்றதும் பெண்கள் முதலில் தங்கள் சாப்பாட்டில்தான் கை வைக்கிறார்கள். பாலை முழுவதும் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வரக்காப்பி குடிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டாம். குனிந்து தைக்கிற உடம்புக்கு ஒரு டம்ளர் பால் செலவு ஆகாது.

கை வைக்க வேண்டிய இடம் வேறு. மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைக்கு மாதம் 900 ரூபாய் மருந்துக்கடையில் கொடுக்கிறீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே வந்து இலவசமாகத் தருகிறார்கள், 2021-லிருந்து நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். மருந்தை மாற்றுவதை மட்டும் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள், பாதியில் நிறுத்திவிட வேண்டாம்.

மகன் பாலிடெக்னிக் படிக்கிறார். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர் கணக்குக்கு வர வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். உங்கள் வரவில் அதைக் காணோம். கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். வந்தால் அதை யாரும் தொடாமல் அஞ்சலகக் கணக்கில் போட்டு வையுங்கள். திடீர்க் காய்ச்சலுக்கும் மாட்டு வைத்தியத்துக்கும் அதுதான். அந்த ஐயாயிரம் பத்தாயிரம் இல்லாததால்தான் நாம் மறுபடி மாமா வீட்டு வாசலில் போய் நிற்கிறோம்.

அண்ணாச்சி கடைப் பற்றை மாதம் கொஞ்சமாகத் தீர்த்துவிட்டு, வாரம் ஒரு நாள், தையல் கூலி வந்த அன்று, காசு கொடுத்துச் சாமான் வாங்குங்கள். பற்று எழுதி வாங்குகிறவர் விலை கேட்க முடியாது, தராசையும் பார்க்க முடியாது. அண்ணாச்சி மேல் குற்றமில்லை, அவரும் மொத்தக் கடையில் கடன் வைத்துத்தான் சரக்கு எடுக்கிறார்.

வீட்டுக்காரர் கைச்செலவு 2,000, மொய் 1,500. இரண்டையும் நிறுத்தச் சொல்லி நான் எழுதினால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவீர்கள். கைச்செலவை வாரம் 400 என்று அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், முடிந்தால் முடிந்தது. மொய்க்கு உங்கள் கல்யாண மொய் நோட்டை எடுங்கள். அவர்கள் செய்ததைத் திருப்பிச் செய்வது கடமை. அதற்கு மேல் ஐந்நூறு சேர்த்து வைக்கும் பழக்கத்தைக் கடன் தீரும்வரை நிறுத்தலாம். யாரும் மைக்கில் வாசித்துக் குறை சொல்லப் போவதில்லை.

ஆக, மாதம் 1,800-ம் 900-மாக 2,700 புதிதாகக் கையில் நிற்கும். அதை 22,000 பாக்கியுள்ள குழுக் கடனுக்குத் திருப்புங்கள். இந்தக் கடன்களை முன்கூட்டி முடித்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நடுவில் கூடுதலாகக் கட்டும் பணத்தை அசலில் வரவு வைப்பார்களா என்று கேளுங்கள். மழுப்பினால், அஞ்சலகத்தில் சேர்த்து வைத்து மொத்தமாக முடியுங்கள். வட்டி ஆண்டுக்கு 24 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். முதல் குழுக் கடன் ஐந்தாம் மாதம் முடிகிறது. கைபேசித் தவணையும் அப்போதே முடிகிறது. அந்தப் பணம் எல்லாவற்றையும் இரண்டாவது குழுக் கடனுக்குத் திருப்பினால் ஏழாம் மாதம் அதுவும் தீரும்.

அதற்குப் பிறகு மாதம் 9,700 விடுதலையாகிறது. அது முழுவதும் நகைக்கு. கணக்குப்படி இரண்டு வருடத்துக்குள் ஆறு பவுனும் வீட்டுக்கு வர வேண்டும். ஆனால் மாடு வற்றும், தேங்காய் விலை இறங்கும், கொழுந்தனார் வீட்டில் விசேஷம் வரும். மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்காமல், அசலில் 30,000, 40,000 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். நகைக்கடனில் மறந்துபோகும் ஆபத்து அதுதான், தேதி தவறினால் ஏலம்.

பயிர்க்கடனை மட்டும் தேதி தவறவிடாதீர்கள். 2021-ல் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது உண்மை. அதற்குப் பிறகு தேர்தல் வருடம் என்றாலே ‘கட்டாமல் இரு’ என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். தள்ளுபடி வரவில்லை என்றால் வட்டிச் சலுகையும் போகும், அடுத்த போகத்துக்குக் கடனும் கிடைக்காது. அப்போது உரத்துக்கு மறுபடி மூன்று வட்டி.

குழு வசூல்காரர் இருட்டும் வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அவர்கள் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு எண்ணில் சொல்லுங்கள், உங்கள் கடன் அட்டையிலேயே அது அச்சாகியிருக்கும். கேட்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448.

கேள்வி: தேங்காய் வியாபாரி 20,000 முன்பணம் தருகிறார், வட்டி கிடையாது. வாங்கலாமா? (மம்சாபுரம் வாசகர்)

பதில்: காய்க்கு என்ன விலை போடுவார் என்று முதலில் கேளுங்கள். வெளி விலையைவிட 2 ரூபாய் குறைத்தால், வெட்டுக்கு 500 காய்க்கு 1,000 ரூபாய். 45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் வருடத்துக்கு எட்டு வெட்டு, 8,000 ரூபாய். 20,000-க்கு அது நூற்றுக்கு 40 ஆகிறது. வெளி விலையே தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் தாராளமாக வாங்குங்கள்.