தாயின் தட்டும் மகவின் குருதியும்

"எங்க குடும்பத்துக்கே ரத்தம் கம்மி, சாமி." பங்கின் எந்தத் தெருவில் வீடு சந்திக்கச் சென்றாலும் நம் செவியில் விழும் சொற்றொடர் இது. பாட்டி வெளிறியே இருந்தார், பிள்ளைப்பேற்றில் இறந்தார். தாய்க்குப் படியேறினால் மூச்சிரைக்கிறது. மகள் பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுகிறாள். மூன்று தலைமுறைத் துயரத்தை ஒரே மூச்சில் அடுக்கிவிட்டு, "பரம்பரை" என்று முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். அதன்பின் மருத்துவருக்கும் இடமில்லை, மனச்சான்றுக்கும் வேலையில்லை.

அந்த முற்றுப்புள்ளியை அழிக்கவே இதனை எழுதுகிறோம். பெரும்பாலான இல்லங்களில் அச்சொல் பொய். அதுவும் உயிர் குடிக்கும் பொய்.

பழகிப்போன பேராபத்து

வளர்ந்த மனிதரின் உடலிலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டினாலும் 3 அல்லது 4 கிராம்தான் தேறும். அந்தச் சிறு அளவே உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுக்கு ஆதாரம். கருவுறாத பெண்ணுக்கு இது ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமேனும் இருக்கவேண்டும். கருவுற்றவருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் ஏறத்தாழ 11 கிராம். கருவுறாத பெண்ணுக்கு 8 கிராமுக்கும், கருவுற்றவருக்கும் குழந்தைக்கும் 7 கிராமுக்கும் கீழே இறங்கினால் அது கடுமையான இரத்தசோகை.

கடுமையானது என்றால் உடனே தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரிவதில்லை என்பதே இந்நோயின் வஞ்சகம். சிறுகச் சிறுகக் குறையும்போது உடல் அதற்கு இசைந்து கொடுக்கிறது. இதயம் விரைந்து அடித்துக் குறையை ஈடுகட்டுகிறது. 6 கிராம் இரத்தத்தோடு தண்ணீர்க்குடம் சுமக்கும் பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். "நன்றாகத்தானே நடமாடுகிறாள்" என்கிறது வீடு. ஆனால் பிள்ளைப்பேற்றின்போது ஏற்படும் இரத்த இழப்பு, நலமான பெண்ணைக் களைப்படையச் செய்யும் அளவே இருந்தாலும், இவருடைய உயிரைப் பறித்துவிடக்கூடும்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளில் அது 57.4 விழுக்காடு. 2015-16ஆம் ஆண்டு ஆய்வில் குழந்தைகளின் கணக்கு 50.7 விழுக்காடாக இருந்தது. விரல்நுனிச் சொட்டில் அளந்தால் ஓர் அளவும், நாளத்திலிருந்து எடுத்து அளந்தால் வேறோர் அளவும் காட்டுகின்றன என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். வாதிடட்டும். பாதி என்பது கால்பங்கு ஆனால் மட்டும் நாம் நிம்மதியாக உறங்கலாமா?

பரம்பரை எங்கே உண்டு?

நம் பங்கில் சித்தாள் வேலைக்குச் சென்றுவந்த தாய் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தபோது அவருடைய அளவு 5 கிராம். கணவர் நம்மிடம் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளைங்களுக்கும் இந்த ரத்தம்தானே சாமி ஓடுது?" அன்பினால் எழுந்த கேள்வி அது. "பரம்பரை" என்று சொல்லி அதை மழுப்புவது கொடுமை. அதற்கு இரு பகுதியாக விடை கூறவேண்டும்.

பெற்றோரிடமிருந்து மரபணு வழியே வரும் இரத்தநோய்கள் உண்டு. தலசீமியா ஒன்று, அரிவாள்செல் நோய் மற்றொன்று. இந்தியாவில் அரிவாள்செல் இயல்பு முதன்முதலாக அறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடியினரிடையேதான், ஆண்டு 1952. அதனை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கியதோ 2023 ஜூலையில்! இந்நோய்க்கூற்றைத் தாங்கும் பெற்றோருள் ஒருவர் மட்டும் இருந்தால் பிள்ளைக்குக் கடுமையான நோய் வருவதில்லை. இருவருமே ஒரே நோயின் கூற்றைத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுற்ற குழந்தை பிறப்பதற்கு. ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஓர் இரத்தப் பரிசோதனை இதை வெளிப்படுத்திவிடும்.

இங்கே இறைமக்களிடம் வெளிப்படையாக ஒன்று சொல்லவேண்டும். நெருங்கிய உறவில் மணமுடித்தால், இருவரும் ஒரே கூற்றைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு மிகும். முறைப்பெண்ணை மணக்கத் திருச்சபையின் விலக்குக் கோரி வருகின்ற குடும்பங்கள் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வருகின்றன. நகை எடுத்துவிட்டு வருகின்றன. இருவரின் இரத்தத்தையும் பரிசோதித்துவிட்டு வந்த குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்திரிகை அடிக்கும் செலவில் சிறு பகுதிதான் அது. ஜாதகம் பார்ப்பதைப் பழிக்கும் நாம், பார்க்கவேண்டிய இரத்தத்தையும் பார்க்காமல் விடுவது எவ்வகை அறிவு?

கைமாறும் வறுமை

இனி இரண்டாம் பகுதி. நம்மிடையே மிகப் பெரும்பாலோரின் இரத்தசோகைக்கு இத்தகைய மரபு காரணமன்று. இரும்புச்சத்துக் குறைவே முதன்மைக் காரணம். ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் ஆகியவற்றின் குறைவும், கொக்கிப்புழுவும், மாதவிடாயின் மிகுபோக்கும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. அவ்வாறாயின் தாய்க்கும் மகளுக்கும் பேத்திக்கும் தொடர்ந்து வருவது ஏன்?

கருவிலிருக்கும் குழந்தை தாயிடமிருந்து இரும்பைச் சேமித்துக்கொள்கிறது. பிறந்தபின் ஏறத்தாழ ஆறு மாதம் அச்சேமிப்பில் வாழ்கிறது. தாய்ப்பாலில் இரும்பு சிறிதளவே உண்டு. தாய்க்குக் கடுமையான இரத்தசோகை இருந்தால் குழந்தையின் முதலே குறைவு. குறைமாதத்தில் பிறந்துவிட்டால் இன்னும் குறைவு. ஆறாம் மாதத்துக்குப் பின்னும் வெறும் சோற்றுக்கஞ்சியும் பிஸ்கட்டுமே ஊட்டினால் இருந்த சிறிதும் தீர்ந்துபோகிறது. மூளை விரைந்து வளரும் அந்த முதலிரண்டு ஆண்டுகளில் ஏற்படும் இழப்பைப் பின்னர் முழுமையாக மீட்க இயலாமலும் போகலாம். அக்குழந்தை பெண்ணாயின் அதே குறையோடு பூப்பெய்துகிறாள்; அதே குறையோடு மணமாகிறாள்; அதே குறையோடு கருவுறுகிறாள். இதில் மரபணு எங்கே இருக்கிறது? கைமாறுவது குருதியின் குற்றமன்று, உணவின் வறுமை.

தியாகம் என்னும் பெயரில்

வறுமை மட்டுந்தான் காரணம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. மீன் வாங்கும் வீட்டிலும் தாய் வெளிறியிருக்கிறார். முதலில் ஆண்கள், பின்பு பிள்ளைகள், அடுத்து விருந்தினர், எல்லாருக்கும் பின்பு தாய். மீன் தீர்ந்திருக்கும், குழம்பின் அடி இருக்கும். நேற்றைய பழைய சோறு இருக்கும். அன்னையர் நாள் வந்தால் மேடையேறி இதனைத் தியாகம் என்று புகழ்கிறார்கள். தியாகம் என்பது ஒருவர் தாமே விரும்பித் தருவது. பிறந்த நாள்முதல் பழக்கிவைத்து, வேறு வழியின்றி ஏற்கச் செய்த பட்டினிக்கு அப்பெயர் சூட்டுவது அத்தாயையும் ஏமாற்றுவது, அச்சொல்லையும் மாசுபடுத்துவது.

1982 முதல் சத்துணவும், 2022 முதல் காலை உணவும் பள்ளிப் பிள்ளையின் தட்டுக்கு வருகின்றன. தாயின் தட்டை நிரப்ப எந்த அரசாணையும் வீட்டுக்குள் வராது. அந்த ஆணையைப் பிறப்பிக்க வேண்டியவர்கள் கணவரும் மாமியாரும் வளர்ந்த மக்களுமே.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் இரு பெண்களின் நிகழ்வு ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது. ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்தியவர். மருத்துவர்களிடம் உடைமை அனைத்தையும் செலவழித்தவர். மற்றவள் யாயிரின் பன்னிரண்டு வயது மகள். மறைவாகத் தொட்ட பெண்ணை ஆண்டவர் கூட்டத்தின் நடுவே பேசச் செய்தார். உயிர்பெற்ற சிறுமிக்கு உண்ணக் கொடுக்குமாறு பணித்தார். நாமோ பெண்ணின் இரத்தப்போக்கைப் பற்றிப் பேசுவதை வெட்கம் என்கிறோம். அவள் உண்டாளா என்று கேட்பதை மறந்துவிடுகிறோம். மேலே சொன்ன சித்தாள் தாய், ஆண்டுக்கணக்காக மாதந்தோறும் பத்து நாள் மிகுதியாக இரத்தம் இழந்துவந்திருக்கிறார். கணவரிடங்கூடச் சொல்லவில்லை. சொல்லும் சூழலை எவரும் அவருக்குத் தரவில்லை.

சிவப்பெல்லாம் இரத்தமன்று

நோயை அறிந்தபின்பும் நாம் நாடுவது எதனை? பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்கிறார்கள். அந்நிறத்துக்கும் இரத்தத்துக்கும் தொடர்பே இல்லை. பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் நல்லுணவு, நாள்தோறும் உண்ணலாம். ஆனால் 6 கிராமில் நிற்பவரைக் கீரை மட்டும் மீட்டுவிடாது. கடைகளில் வண்ணப்புட்டியில் விற்கும் டானிக்குக்குக் கொடுக்கும் பணத்தை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை அரசு ஆரம்ப சுகாதார நிலையம் விலையின்றித் தருகிறது. அதனை வாங்கிவந்து பரணில் போடுகிறோம்!

மாத்திரையால் மலம் கறுக்கும், அதனால் தீங்கில்லை. குமட்டலோ மலச்சிக்கலோ வந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், நிறுத்திவிடக் கூடாது. தேநீரும் காப்பியும் இரும்பை உடல் ஏற்காதபடி தடுக்கின்றன. மாத்திரையோடும் உணவோடும் அவற்றைச் சேர்க்கலாகாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் துணைசெய்யும். கால்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் விழுங்கவேண்டும். அளவு சீரானபின்பும் உடலின் சேமிப்பு நிரம்ப ஏறத்தாழ மூன்று மாதம் தொடரவேண்டும். நம் வீடுகளிலோ முகத்தில் சிறிது களை வந்தவுடனே நிறுத்திவிடுகிறார்கள்.

தந்தையர்க்கும் ஒரு சொல். மாதவிடாய் இல்லாத ஆணுக்குக் கடுமையான இரத்தசோகை வந்தால், உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது என்று ஐயுறவேண்டும். மூலமாக இருக்கலாம், குடற்புண்ணாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். டானிக் குடித்து அதனை மூடிமறைப்பது தீப்பற்றிய கூரையின்மேல் பாய் விரிப்பதற்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டுவன

முதலாவது: தாய்க்கோ தந்தைக்கோ இரத்தசோகை என்று தெரிந்த நாளே பிள்ளைகள் அனைவரையும் பரிசோதியுங்கள். பச்சரிசி மெல்லும் பிள்ளையை, பல்பமும் சாம்பலும் மண்ணும் தின்னும் பிள்ளையை அடிக்காதீர்கள். அது குறும்பன்று, பெரும்பாலும் இரும்புக்குறைவின் அடையாளம். 2018இல் விரிவாக்கப்பட்ட அரசுத் திட்டத்தின்படி ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்துச் சொட்டுமருந்தும், வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரையும், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரையும் உண்டு. கேட்டுப் பெறுங்கள். ஆயினும் இரத்தத்தின் அளவு மருந்தால் ஏறவில்லையெனில், மேலே சொன்ன மரபுநோய்ப் பரிசோதனையைக் கேளுங்கள். தாயின் மாத்திரையைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று எண்ணிப் பல மாத்திரைகளை விழுங்கும் குழந்தைக்கு அது நஞ்சு, உயிரையே போக்கும்.

இரண்டாவது: தாய் உட்காராமல் எவரும் உண்ணலாகாது. ஒரே நேரம், ஒரே பந்தி. முட்டையோ மீனோ ஒரு துண்டுதான் என்றால் கருவுற்றவருக்கே அது முதலில் செல்லட்டும். "எனக்கு வேண்டாம்" என்று அவர் சொல்வார். நம்பாதீர்கள்.

மூன்றாவது: அச்சித்தாள் தாய்க்கு இரத்தம் தேவைப்பட்டபோது மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உறவினருள் ஆண்கள் அறுவர் நின்றிருந்தார்கள். உடல் தளரும் என்றார் ஒருவர். மறுநாள் வேலை இருக்கிறது என்றார் மற்றொருவர். கொடுத்தவர்கள் முன்பின் அறியாத இரு கல்லூரி மாணவர்கள். 18 வயது முதல் 65 வயதுவரை, 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உடைய நலமானவர் எவரும் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். கிண்ணத்தை உயர்த்தும்போது "ஆமென்" என்று சொல்லும் வாய், ஊசியைக் கண்டதும் சாக்குச் சொல்லலாமா?

"ஆன்மாவைக் கவனிக்க வேண்டிய குரு இரத்தக் கணக்கு ஏன் எழுதவேண்டும்?" என்று சிலர் முணுமுணுப்பார்கள். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் அடக்கச் சடங்கை நடத்துவதும் எம் பணியே. பெட்டிக்கருகில் நின்று "இறைவன் சித்தம்" என்று உறவினர் சொல்லும்போது அதற்குத் தலையசைக்க எமக்கு மனம் வரவில்லை. தாம் உண்ட மிச்சத்தை அவளுக்கு வைத்தவர்களின் சித்தத்தை இறைவன்மேல் ஏற்றுவது நியாயமன்று.

வரும் மாத அன்பியக் கூட்டங்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளைக் கொண்டுவரட்டும். அதில் தாய், தந்தை, பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரே ஹீமோகுளோபின் அளவு எழுதப்பட்டிருக்கட்டும். 8க்குக் கீழே எந்தப் பெயர் இருந்தாலும், 7க்குக் கீழே எந்தக் குழந்தையின் பெயர் இருந்தாலும், மறுநாள் காலை அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர் யார் என்பதை முடிவுசெய்துவிட்டுக் கூட்டம் கலையட்டும்.