பந்தியும் பங்கும்

ஒரு சமுதாயத்தின் பண்பாட்டை அதன் இலக்கியங்களில் காணலாம், கலைகளில் காணலாம். அவற்றினும் எளிதாக அஃது உண்ணும் பந்தியிற் காணலாம். யாரோடு உண்கிறோம், எதை உண்கிறோம், எவ்வளவு உண்கிறோம் என்னும் மூன்று வினாக்களுக்கும் நாம் தரும் விடை, நாம் இன்னார் என்பதைக் காட்டிவிடும். இம்மூன்று வினாக்களும் சில காலமாக நம் உள்ளத்தை அலைக்கழித்து வருகின்றன. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நாம் சின்ன காஞ்சிபுரத்தில் வாழ்பவர். தறி ஓசை கேட்டே கண்விழிக்கும் தெரு நம்முடையது. அங்கிருந்து நாள்தோறும் பேருந்தேறிப் பாலாற்றை ஒட்டி மேற்கே கல்லூரிக்கு வருகிறோம். வழிநெடுக, நெடுஞ்சாலையின் இருமருங்கும் புதிய உணவகங்கள் எழுந்துவிட்டன. ‘ஸ்டேக்’ என்னும் தடித்த இறைச்சித் துண்டின் படமும், உருகி வழியும் சாக்லேட் கேக்கின் படமும் ஆள் உயரத்திற்கு நின்று வழிப்போக்கரை அழைக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் இறுதியாண்டு மாணவர்கள், தம் பிரிவுபசார விருந்தை இத்தகைய உணவகம் ஒன்றில் வைத்துக்கொள்ள விழைந்தனர். நாமும் இசைந்தோம். ஆளுக்கு இவ்வளவு எனப் பங்குப் பணம் குறித்தனர். விருந்தும் நடந்தது, வாழ்த்துரையும் வழங்கினோம். நீண்ட மேசையின் கடைக்கோடியில் ஒரு நாற்காலி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அது நம் தெருவிற்கு அடுத்த தெருவில் வாழும் நெசவாளர் ஒருவரின் மகனுக்கு உரியது. மறுநாள் வினவியபோது, “தலைவலி, ஐயா” என்றான். பின்னர்தான் அறிந்தோம்: அந்தப் பங்குப் பணம், அவன் தந்தையார் பல நாள் தறிக்குழியில் அமர்ந்து ஈட்டும் கூலிக்கு இணையானது. கேட்டால் தந்தையார் கடன் வாங்கியேனும் தந்திருப்பார். எனவே அவன் கேட்கவேயில்லை.

அன்றிரவு அந்த மேசையில் பாதி தின்று வைத்த இனிப்புத் தட்டுகள் பல கிடந்தன. அவற்றுள் ஒன்று நம்முடையது.

காஞ்சிக்கு வந்த பாணன்

வெளியில் சென்று உண்பதே தீது என்று கூறுவது நம் கருத்தன்று. இறைச்சியும் இனிப்பும் மேனாட்டார் நமக்குக் கற்பித்தவை என்பாரும் உளர். அது வரலாறு அறியாதார் கூற்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, நம் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றியது. பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனுக்குக் காஞ்சிக்கு வழி கூறுகிறான். அந்த வழி முழுவதும் சோறு மணக்கிறது. எயினர் குடியில் உடும்பின் இறைச்சியோடு சோறு கிடைக்கும். ஆயர் குடியில் பாலோடு தினைச்சோறு கிடைக்கும். உழவர் மனையில் வெண்சோற்றோடு கோழிப் பொரியல் கிடைக்கும். வலைஞர் குடியில் சுட்ட மீன் கிடைக்கும். அந்தணர் மனையிலோ, மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும், மாவடு ஊறுகாயும் கிடைக்கும்.

இப்பட்டியலில் நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. புலவர் எந்த மனையின் உணவையும் தாழ்வாகப் பாடவில்லை. உடும்பை உண்பவனும் மாதுளங்காயை உண்பவனும் ஒரே பாணனுக்கு விருந்தளிக்கின்றனர். ஒரே பாணன் எல்லார் மனையிலும் உண்கிறான். முடிவில் காஞ்சியை அடைந்தால், மன்னன் பலவகை இறைச்சியும் சோறும் படைத்து, பெற்ற மக்களை நோக்குமாறு விருந்தினரை நோக்கித் தானே நின்று உண்பிக்கிறான். உணவின் சிறப்போடு ஊட்டுவோன் நின்ற நிலையையும் சேர்த்தே புலவர் போற்றுகிறார்.

மழுங்கிய பல்

பொருநராற்றுப்படையில் கரிகாற்சோழன் அளிக்கும் விருந்து இன்னும் சுவையானது. கொழுத்த ஆட்டின் தொடை இறைச்சியும், கம்பியிற் கோத்துச் சுட்ட ஊனும் வருகின்றன. சூடு பொறாமல் வாயின் இப்புறமும் அப்புறமும் மாற்றி மாற்றி ஆற்றியபடி உண்கிறான் பொருநன். போதும் போதும் என்றபின் பல்வேறு உருவங்களில் செய்த தின்பண்டங்கள் வருகின்றன. ஸ்டேக் என்னும் ஆங்கிலச் சொல்லின் வேரும் கழியிற் குத்திச் சுடுதல் என்னும் பொருளுடைய பழைய நார்ஸ் மொழிச் சொல்லே என்பர் சொல்லாய்வாளர். சுட்ட ஊனும் அதன்பின் இனிப்பும் என்னும் வரிசை சோழன் அவையிலேயே இருந்திருக்கிறது. இன்றைய உணவகத்தார் இதனைப் புதுமை என்று விளம்பரம் செய்கின்றனர்!

ஆயினும் முடத்தாமக்கண்ணியார் அத்துடன் நிறுத்தவில்லை. இரவும் பகலும் ஊன் தின்றதால், கொல்லை உழுத கலப்பையின் கொழுப் போலத் தன் பல் மழுங்கிற்று என்று பொருநனைக் கொண்டே சொல்ல வைக்கிறார். உண்டு உண்டு வெறுத்த அவன், ஊருக்குச் செல்ல விடைதருமாறு வேண்டுகிறான். பசித்துக் கிடந்தவன் வாயாலேயே மிகுதியின் அலுப்பைச் சொல்ல வைத்த இந்த இடம், உணவைப் பற்றிய நம் இலக்கியக் கருத்துகளுள் தலையாயது என்பது நம் துணிபு. இன்பம் அளவோடு நின்றால்தான் இன்பம். அதன்பின் பல்லும் மழுங்கும், சுவையும் மழுங்கும்.

யாரோடு உண்பது?

உணவகம் நமக்குச் செய்த நன்மையை மறத்தலும் நன்றியன்று. பிரெஞ்சு மொழியில் அச்சொல், களைத்த உடலைத் தேற்றும் சாறு என்னும் பொருளிலிருந்து பிறந்தது. நம் நாட்டிலோ அது வேறொரு நோயையும் தேற்ற வேண்டியிருந்தது. இன்னார்க்கு இந்த அறை, இன்னார்க்கு இந்தக் குவளை என்றிருந்த மண்ணில், காசு கொடுத்த எவரும் எந்த நாற்காலியிலும் அமரலாம் என்ற நிலை எளிதில் வந்துவிடவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், தன் 15ஆம் பிரிவில் பொது உணவகங்களில் நுழைய எவரையும் சாதி, சமயம் காட்டித் தடுத்தலாகாது என்று விதித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. உணவகப் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் கிளர்ச்சி நடத்தினார். ஒரு பலகையிலுள்ள ஒரு சொல்லுக்காக இத்துணைப் போராட்டமா என்று இன்றைய மாணவர் வியக்கலாம். அந்தப் பலகையைப் படித்துவிட்டுப் பசியோடு திரும்பியவர்க்கே அதன் பொருள் தெரியும்.

கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம் திருமணங்களில் ‘சகன்’ என்னும் பெருந்தட்டைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஒரே சோற்றை ஒன்றாக உண்ணும் வழக்கம் உண்டு. செல்வரும் எளியரும் ஒரே தட்டில் கைவைக்கும்போது, யாருடைய பங்கு எது என்ற கேள்வியே எழுவதில்லை.

சாதிப் பலகையை இறக்கிய உணவகத்தில் இன்று வேறொரு பலகை ஏறியிருக்கிறது. அதுதான் விலைப்பட்டியல். அது யாரையும் வெளியே போ என்பதில்லை. நம் மாணவனைப் போன்றவர்கள் தாமாகவே வராமல் நின்றுவிடுகின்றனர். அவ்வளவே வேறுபாடு.

எதை உண்பது?

இரண்டாம் வினா இன்று பெரும் பூசலுக்கு இடமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டு மே திங்களில் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் திட்டமிட்டது. அதில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்ற செய்தி எதிர்ப்பைக் கிளப்பியது. ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கான மாநில ஆணையமும் விளக்கம் கேட்டது. இறுதியில் மழையைக் காரணங்காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஊர் கூடி உண்ண எண்ணிய விழாவில், ஒரு சாரார் உணவை வாயிலிலேயே நிறுத்த முனைந்ததால் ஒருவரும் உண்ணவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புலால் உண்ணாதாரைக் கேலி செய்வதும் நம்மிடையே உண்டு. நம் துறையிலேயே முட்டையும் தொடாத நண்பர் உளர். அவர் முன்னிலையில் நாம் நம் உணவை மறைப்பதுமில்லை. அவர் மீது திணிப்பதுமில்லை. பாணன் நடந்த வழி இதுவே. பிறன் தட்டை அளவுகோலாகக் கொண்டு அவன் குலத்தையோ குணத்தையோ அளப்பது அறிவுடைமை ஆகாது.

எவ்வளவு உண்பது?

பிறர் தட்டை எட்டிப் பார்க்கலாகாது. தன் தட்டை உற்று நோக்கியே ஆகவேண்டும். வயிற்றை மூன்று பங்காக்கி, ஒன்றை உணவுக்கும், ஒன்றை நீருக்கும், ஒன்றை மூச்சுக்கும் விடுமாறு நபிகள் நாயகம் கற்பித்தார். வள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தில், மருந்தைக் காட்டிலும் அளவறிந்து உண்ணும் முறையையே மிகுதியும் பேசுகிறார்.

இக்கால ஆய்வுகளும் இதனையே சொல்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நிகழ்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவு நோயினர் என்று மதிப்பிட்டது. சேர்க்கப்படும் சர்க்கரை, ஒரு நாளைய ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருத்தல் வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் அறிவுறுத்தியது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கைப்படி, 2022இல் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் உணவகம் முதலிய இடங்களில் வீணானது மட்டும் 29 கோடி டன். இந்த எண்களைப் படிக்குந்தோறும் நாம் பாதியில் ஒதுக்கிய இனிப்புத் தட்டு நம் கண்முன் வருகிறது.

ஊரின் விடை

நம் சின்ன காஞ்சிபுரத்திற்கென்று ஓர் உணவு உண்டு. மூங்கிற் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் கலந்த மாவை ஊற்றி ஆவியில் வேகவைக்கும் கோயில் இட்டலி அது. வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்பெறுவது, எளிதில் கெடாதது. 2019இல் சூலை 1 முதல் ஆகத்து 17 வரை 48 நாட்கள் அத்திவரதரைக் காண மக்கள் வெள்ளம் திரண்டபோது, நம் தெருக்களில் சோறும் நீரும் வழங்கியோர் வந்தவரிடம் ஊரும் பேரும் கேட்டதாக நாம் கண்டதில்லை. மணிமேகலைக் காப்பியத்தில், வறட்சியால் வாடிய காஞ்சிக்கு அமுதசுரபியோடு வந்த மணிமேகலையும் கேட்கவில்லை. பசித்தவர் என்பதே அவளுக்குப் போதுமானதாயிற்று. இளந்திரையன் விருந்தும் மணிமேகலையின் அமுதசுரபியும் ஒரே ஊருக்கு உரியன. சுவைத்து உண்ணவும் பகிர்ந்து உண்ணவும் ஒருங்கே கற்பித்த ஊர் நம்முடையது.

அவ்விருந்துக்கு அடுத்த ஆண்டு நம் துறையில் ஒரு மாற்றம் செய்தோம். பிரிவுபசார விருந்து கல்லூரி வேப்பமர நிழலுக்குத் திரும்பியது. பங்குப் பணத்திற்குத் தொகை குறிக்கவில்லை. மூடிய பெட்டி ஒன்றை வைத்தோம். இயன்றவர் இயன்றதை இட்டனர். குறைந்ததை ஆசிரியர்கள் நிறைத்தோம். யார் எவ்வளவு இட்டார் என்பது எவர்க்கும் தெரியாது. பிரியாணி ஒருபுறம், காஞ்சிபுரம் இட்டலி ஒருபுறம், இறுதியில் ஆளுக்கு ஒரே ஒரு இனிப்பு. ஒரு நாற்காலியும் வெறுமையாக இல்லை. ஆயின் அந்த நெசவாளர் மகன் அதற்குள் படிப்பை முடித்துச் சென்றுவிட்டான். அவனுக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் பொருளீட்டுவீர்கள். நல்ல உணவகங்களுக்கும் செல்வீர்கள். செல்க, சுவைத்து உண்க. ஆனால் நண்பர் குழுவிற்கு உணவகத்தைத் தெரிவு செய்யும்முன், நம்முள் மிக எளியவனால் இங்கு வர இயலுமா என்று ஒருகணம் எண்ணுக. இயலாதெனின் இடத்தை மாற்றுக. அல்லது அவன் அறியாவண்ணம் அவன் பங்கை நீங்களே ஏற்றுக்கொள்க. உண்ணுமளவே கேட்டுப் பெறுக. எஞ்சியதை வெட்கமின்றிக் கட்டிக்கொண்டு செல்க. யாரேனும் தலைவலி என்று சொல்லி விருந்துக்கு வராதிருந்தால், மருந்து வாங்கச் செல்லும்முன் பங்குப் பணம் எவ்வளவென்று மீண்டும் ஒருமுறை பாருங்கள்.