பெயரைக் காப்பவர் யார்?

தமிழ் மன்ற இதழில் மதுவைப் பற்றிக் கட்டுரையா என்று தோழர்கள் முகம் சுளிக்க வேண்டா. குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. ஆஸ்திரியா நாட்டு உழவர்கள் தம் ஊர்ப் பெயரைக் காத்துக்கொண்ட முறையை நம்மவர் அறிய வேண்டும் என்பதே என் ஆசை.

டான்யூப் ஆற்றங்கரையில், மெல்க் நகருக்கும் கிரெம்ஸ் நகருக்கும் இடையே, வாகாவ் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. செங்குத்தான சரிவுகளிலே சாந்து பூசாத கல் வரப்புகள்; அவற்றின் மேல் திராட்சைக் கொடிகள். கிழக்குச் சமவெளியின் வெப்பமும் வடமேற்குக் காடுகளின் குளிர்காற்றும் அங்கே கலக்கின்றன. 'குரூனர் வெல்ட்லினர்' என்னும் வெள்ளைத் திராட்சையிலிருந்து இனிப்பில்லாத மது வடிக்கிறார்கள். அதில் மிளகு மணக்கும் என்பர். இது வெறுங்கற்பனை அன்று. சில மதுவகைகளின் மிளகு மணத்துக்கு ரோட்டண்டோன் என்ற பொருளே காரணம் என்று 2008இல் ஆஸ்திரேலிய அறிவியலார் கண்டனர். அதே பொருள்தான் நம் மலை மிளகிலும் மணக்கிறது!

1985இல் ஆஸ்திரியாவுக்கு ஒரு பெரும்பழி நேர்ந்தது. வணிகர் சிலர் மதுவுக்குச் செறிவும் இனிப்பும் காட்ட, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருளைக் கலந்தது அம்பலமாயிற்று. சிலர் செய்த தீமைக்கு நாடே தலைகுனிந்தது, ஏற்றுமதி சரிந்தது. அவ்வாண்டே கடுமையான சட்டம் பிறந்தது. வாகாவ் உழவர்களோ 1983லேயே சங்கம் அமைத்துக்கொண்டவர்கள். வெளியூர்த் திராட்சை கூடாது, சாற்றில் சர்க்கரை சேர்க்கக் கூடாது என்பவை அச்சங்கத்தின் விதிகள். அவர்களது உயர்ந்த மதுவுக்கு 'ஸ்மராக்ட்' என்று பெயர். நம் மரகதத்துக்கு உறவான சொல் அது. கல்வரப்பில் வெயில் காயும் பச்சைப் பல்லியின் பெயர்!

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? பிழைப்புத் தேடித் தேவிகுளம் மலையேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வட்டத்திலேயே, மழை குறைந்த மறையூரிலும் காந்தலூரிலும் கரும்பு விளைகிறது. அங்கே காய்ச்சிக் கையால் உருட்டும் கரும்பழுப்பு வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி! ஆனால் முத்திரை கிடைத்துவிட்டால் போதுமா? மலிவு வெல்லம் எல்லை தாண்டி வந்து மறையூர்ப் பெயரில் விலைபோகிறது என்று உழவர்கள் முறையிட்டு வருகிறார்கள். அந்த எல்லைக்கு அப்பால் இருப்பது தமிழ்நாடு என்பதைத் தமிழனாகிய நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மறையூர் உழவர் சங்கங்கள் ஒன்றுகூடித் தமக்குத் தாமே விதி வகுக்க வேண்டும். வெளியூர் வெல்லம் கூடாது. சீனி கலத்தல் கூடாது. நிறம் வெளுக்க 'ஹைட்ரோஸ்' இடுதல் கூடாது. காய்ச்சிய கொட்டகையின் எண் ஒவ்வொரு கட்டிலும் இருக்க வேண்டும். விதியை மீறுபவன் சங்கத்தானே ஆயினும் பெயரை இழக்க வேண்டும். அறிவியல் மாணவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. ஹைட்ரோஸ் விட்டுச்செல்லும் கந்தக டைஆக்சைடை அளப்பது நம் ஆய்வுக்கூடத்துக்கு அரிய வேலையா? ஏட்டுக் கல்வி நாட்டுக்கு உதவ வேறெந்த நாளுக்குக் காத்திருக்கிறோம்?

இப்படிச் செய்தால் விலை ஏறும், ஏழை என்ன செய்வான் என்று கேட்பவர் உண்டு. மலிவு வெல்லத்தை விற்க வேண்டா என்று யார் சொன்னார்? அது தன் பெயரில், தன் விலையில் தாராளமாக விற்கட்டும். அடுத்தவன் பெயரைப் போர்த்திக்கொண்டு வருவதைத்தான் வேண்டா என்கிறோம். ஊர்ப் பெயரால் கிடைக்கும் கூடுதல் காசு, கொப்பரைச் சூட்டில் நின்று உழைத்தவனுக்குரிய கூலி. பெயரைத் திருடுவது அந்தக் கூலியைத் திருடுவதே ஆகும்.

ஆகவே தோழர்களே, பொங்கலுக்கு வெல்லம் வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, இது எந்த ஊரில் காய்ச்சியது?" கேட்பவர் பெருகினால், பொய் சொல்பவர் குறைவர்.