மூணு வருஷமா, மொத்தம் மூணு வருஷமா?

காண்டனீஸ்ல மூணு வருஷம்னா "சாம் நின்". வேலை பார்த்தேன்னு சொல்லி அதோட நிறுத்திட்டா, பார்த்து முடிச்சாச்சுன்னு எடுத்துக்கலாம். கடைசியில "லா"ன்னு ஒரு குட்டி அசையைச் சேர்த்தா, இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன்னு அர்த்தம். எங்க ஹாங்காங் டீம் புண்ணியத்துல தெரிஞ்சுக்கிட்டது. அட, தமிழ்ல இதை ஒரு "ஆ" பண்ணிடுதே! "மூணு வருஷம் பார்த்தேன்", "மூணு வருஷமா பார்க்கறேன்". அவ்ளோதான்.

எங்க ஓசூர்ல மூணு மொழி. கன்னடத்துல "மூறு வர்ஷதிந்த", தெலுங்குல "மூடேள்ள நுஞ்சி". ரெண்டுமே மூணு வருஷத்திலிருந்துன்னுதான் சொல்லுது. இன்டர்வியூல பசங்க "ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் த்ரீ இயர்ஸ்"னு சொல்றது இங்கேயிருந்து வந்ததுதான். அதைக் கேட்டு நக்கலா சிரிக்கிற மேனேஜர்களைக் கண்டா எரிச்சல்தான் வருது. இலக்கணம் இங்கிலீஷோடது இல்லைதான், ஆனா தகவல் முழுசா இருக்கே சார்.

சிரிக்க முடியாத இடமும் இருக்கு. எங்க தெருவுல ஒரு அண்ணன், சிப்காட்ல ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. "நாலு வருஷமா அங்கதான் இருக்கேன் தம்பி"ம்பார். பேப்பர்ல பார்த்தா அப்படி இல்லை. சில மாசத்துக்கு ஒருதடவை பத்து நாள் வீட்டுக்கு அனுப்புவாங்க, கான்ட்ராக்டர் பேர் மாறும், புது அடையாள அட்டை வரும். அந்த "ஆ"வைத்தான் வெட்டி வெட்டி எடுக்கறாங்க.

எதுக்குன்னா, தமிழ்நாட்டுல 1981ல் தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் வந்தது. 24 மாசத்துக்குள்ள 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்திருந்தா நிரந்தரமாக்கணும்னு சொன்ன சட்டம். உடம்பு சரியில்லாம போனது, அனுமதிச்ச லீவு, விபத்து, கதவடைப்பு, தொழிலாளி மேல தப்பே இல்லாம வேலை நின்னது, இதெல்லாம் தொடர்ச்சியை உடைக்காதுன்னும் அதுலயே இருக்கு. அதாவது சட்டத்துக்கும் "ஆ" புரிஞ்சிருக்கு! புரியாத மாதிரி நடிக்கறது ஹெச்.ஆர் மட்டும்தான். என்னைக் கேட்டா, அண்ணன் சொல்ற "நாலு வருஷமா"தான் சரியான கணக்கு. இடைவெளி அவர் போட்டது இல்லையே.

அண்ணன்கிட்ட பழைய கார்டு, சம்பளச் சீட்டு ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். கான்ட்ராக்டர் எத்தனை பேர் மாறினாலும் பி.எஃப் யு.ஏ.என் நம்பர் ஒண்ணுதான். இந்த ஞாயித்துக்கிழமை பாஸ்புக்கை டவுன்லோட் பண்ணி, மாசம் மாசமா எண்ணப் போறோம்.